அரை மணி நேர நெட்டு

அல்போன்சா தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்தாலும் அக்குள் பிரியாது. முத்தழகுபட்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே முப்பது வருடம் மிஷின் ஓட்டிவிட்டாள். போன வருடம் தெருக்கோடியில் பானுப்ரியா என்ற பெண் தையல் கடை போட்டதும் நிலைமை மாறிவிட்டது. பானுப்ரியா தைத்தால் அக்குள் பிரியும். ஆனால் அவளிடம் டச் போன் இருந்தது. வருகிறவர்களுக்கு மயில் வைத்த கழுத்து, பானைக் கழுத்து, நாடா தொங்கும் கழுத்து என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அல்போன்சாவிடம் இருந்தது இரண்டே கழுத்து. ஒன்று வட்டம், இன்னொன்று சதுரம்.

இருபது வருட வாடிக்கையான ராமுத்தாயே ஒருநாள் துணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனாள்.

"கோவிச்சுக்காத மதினி. எம் மகளுக்கு முதுகுல மயில் வேணுமாம்" என்றாள்.

அன்று ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு அல்போன்சா போன் பேச்சை எடுத்தாள். அவள் கணவர் பவுல்ராஜ் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டன் போன் ஒன்று வைத்திருந்தார். அது மணியடித்தால் எடுப்பார், அவ்வளவுதான்.

"போன் வாங்குறது பெருசில்ல புள்ள. அதுக்கு மாசாமாசம் தீனி போடணும். நெட்டுக்குன்னு முந்நூறு ரூவாயா? தீனி போடணும்னுதான நம்ம வீட்ல ஆட்டுக்குட்டியே வேணாம்னேன்" என்றார்.

அல்போன்சா அதற்குமேல் அவரிடம் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தைத்த கூலி கையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய போன் விற்கும் அப்துல் ஹக்கீம் கடைக்குப் போய், ஓரத்தில் கீறல் விழுந்த ஒன்றைப் பேரம் பேசி வாங்கினாள். தீனிக் கவலையை அவரிடமும் சொன்னாள்.

ஹக்கீம் சிரித்தார். "பேசுறதுக்கு மட்டும் சின்ன ரீசார்ஜ் போட்டுக்கங்கம்மா. நெட்டுதான் ரயில்வே ஸ்டேஷன்ல சும்மா கெடைக்குதே. தெனம் அர மணி நேரம். ஒங்க நம்பருக்கு ஓடிபி வரும், அத அடிச்சாத் தெறந்துக்கும்."

"பிளாட்பார டிக்கெட்டு எடுக்கணுமே தம்பி?"

"உள்ள போனாத்தான? டிக்கெட்டு குடுக்குற ஹால்லயே எடுக்கும்மா."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஹாலில் உட்காரவும் காசு கிடையாது. மறுநாளே பதினொரு மணிக்கு அல்போன்சா திண்டுக்கல் ஜங்ஷனில் இருந்தாள். போகிற வழியெல்லாம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அரை மணி நேரம் என்பது எவ்வளவு சின்னது என்று அப்புறம்தான் தெரிந்தது. முதல் இருபது நிமிடம் கழுத்துப் படங்களைச் சேர்த்து வைப்பாள். மீதியில் சென்னை ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மகள் ஐரினோடு முகம் பார்த்துப் பேசுவாள். நேரம் முடிந்தால் பாதிச் சொல்லில் ஐரின் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவாள். சாப்பாட்டிலிருந்து பேச்சைத் தொடங்கும் அந்தப் பெண், ஒரே வாரத்தில் முக்கியமானதை முதலில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அல்போன்சா தைத்த முதல் மயில், கோழி மாதிரி வந்தது. ராமுத்தாயின் மகள் அதைப் புது மாடல் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அடுத்த வாரம் மூன்று பேர் கோழிக் கழுத்து கேட்டு வந்தார்கள். அல்போன்சா மறுக்காமல் தைத்துக் கொடுத்தாள்.

பவுல்ராஜிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. போனைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். தினமும் கிளம்பும்போது, "கொக்கி வாங்கிட்டு வந்துர்றேன்" என்பாள். ஒரு மாதமாயிற்று.

"அம்புட்டுக் கொக்கியையும் எங்க புள்ள வைக்கிற?" என்று ஒருநாள் அவர் கேட்டார். கேட்ட விதம் சரியில்லை. மயில் யோசனையில் இருந்த அல்போன்சாவுக்கு அது உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாலில் உட்கார்ந்து ஐரினோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிளாட்பார வாசல் பக்கம் சத்தம் கேட்டது. டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒரு ஆளின் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்த ஆள் தலையில் துண்டைச் சுற்றி, கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்புரை அறுவை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடி. அதை அடையாளம் கண்டதும் அல்போன்சா எழுந்துவிட்டாள்.

"டிக்கெட் இல்லாம தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறீங்களே பெரியவரே, யாரப் பாக்க வந்தீங்க?" என்றார் பரிசோதகர்.

"எம் பொண்டாட்டியங்க" என்றார் பவுல்ராஜ்.

"எந்த வண்டில வர்றாங்க?"

"வரலங்க. அந்தா நிக்கிறா."

பரிசோதகர் அல்போன்சாவைப் பார்த்தார். திரும்பப் பவுல்ராஜைப் பார்த்தார். "அவங்க வெளிய இருக்காங்க. அவங்களப் பாக்க நீங்க ஏன் உள்ள போனீங்க?"

பவுல்ராஜ் தலைத்துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா, அது அப்பா கொரலு மாதிரி..." என்று போனில் தொடங்கிய ஐரின், நேரம் முடிந்து வாயைத் திறந்தபடி நின்றாள்.

அபராதம் இருநூற்று அறுபது ரூபாய். பவுல்ராஜ் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டினார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே நின்றதும் அவரே சொன்னார். கூட வேலை பார்த்த அருள்நாதன் டீக்கடையில் வைத்து, 'ஒன் வீட்டுக்காரி தெனமும் ஸ்டேஷன்ல யாருகிட்டயோ போன்ல சிரிச்சுப் பேசுறா பவுலு' என்று காதைக் கடித்திருக்கிறார்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு நா ஓடிப்போவேன்னா நெனச்சீங்க?"

"ரயில்ல போறதுக்கு முட்டி எதுக்கு?" என்றார் பவுல்ராஜ், கீழே பார்த்தபடி.

அல்போன்சாவுக்குக் கோபம்தான். ஐம்பத்து நான்கு வயதில் தன்மேல் ஒருவர் இவ்வளவு சந்தேகப்பட்டு, வெயிலில் தலையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார் என்று நினைத்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "இன்னைக்குக் கட்டுன காசோட நாப்பது ரூவா சேத்தா ஒரு மாசத் தீனி போட்டுருக்கலாம்."

மறுநாள் அவள் கிளம்பும்போது பவுல்ராஜ் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன். சும்மா காத்தாட."

ஹாலில் அவள் நேரம் முடிந்ததும் அவர் சட்டைப் பையில் பட்டன் போன் எட்டிப் பார்ப்பது அல்போன்சாவின் கண்ணில் பட்டது. "ஒங்க நம்பரச் சொல்லுங்க" என்றாள். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. கண்ணாடியை ஏற்றி ஒவ்வொரு எண்ணாக அவர் படிக்க, அவள் அடிக்க, இன்னொரு அரை மணி நேரம் திறந்துகொண்டது. தன் நம்பருக்கு வாடகையாகப் பத்து நிமிடம் ஜல்லிக்கட்டு மாடு காட்ட வேண்டும் என்றார் பவுல்ராஜ். மூன்றாம் நாளே அது இருபது நிமிடமானது. பானுப்ரியா கடைக்குப் போனவர்களில் பாதிப்பேர் அதற்குள் திரும்பி வந்திருந்தார்கள்.

ஆகஸ்டில் செபஸ்தியார் கோவில் திருவிழாவுக்கு வந்த ஐரின், பெற்றோர் ஸ்டேஷனில் போய் உட்காருவதைப் பார்க்கப் பொறுக்காமல் இருபத்தெட்டு நாளுக்கு நெட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அத்தோடு வீட்டில் நிம்மதி போயிற்று. விடிந்ததிலிருந்து மெசேஜ் வந்து வந்து போன் கத்தியது. காலையில் பானைக் கழுத்து கேட்ட ஒருத்தி எட்டு மணிக்கு மயிலுக்கு மாறினாள். பத்து மணிக்கு நாடா என்றாள். 'பழையபடி பானையே போதும்க்கா' என்று மதியம் எழுதியபோது அல்போன்சா துணியை வெட்டி முடித்திருந்தாள். புதுத்துணி வாங்கிக் கொடுக்கும்படி ஆயிற்று. போன் கத்தாத நேரத்தில் பவுல்ராஜ் அதை எடுத்துப் போய், வீடு அதிர மாடு பார்த்தார்.

இருபத்தெட்டாம் நாள் ஐரின் கூப்பிட்டாள். "முடியப் போவுதும்மா. மறுபடி போட்டு விடவா?"

"வேணாந்தாயி. எனக்கு அர மணி நேரந்தான் தாங்கும்."

"நாள் முழுக்க ஓடுற நெட்ட வேணாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"நாள் முழுக்க இதுவே ஓடுனா மிஷின் எப்பத் தாயி ஓடும்?"

மாடு பார்க்க முடியாத கோபத்தில் பவுல்ராஜ் இரண்டு நாள் வீட்டை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, தன் டிக்கெட்டுக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டு கூடவே பஸ் ஏறினார். ஹாலில் உட்கார்ந்து ஓடிபி அடித்ததும் நாற்பத்து மூன்று மெசேஜ் வந்து விழுந்தது. அல்போன்சா ஒவ்வொருத்தியும் கடைசியாக எழுதியதை மட்டும் படித்து, கொண்டுவந்திருந்த நோட்டில் குறித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அவர்கள் என்னென்ன மனம் மாறினார்கள் என்று பார்க்கவே இல்லை. எல்லாம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"மீதிய எங்கிட்டக் குடு" என்றார் பவுல்ராஜ்.

"ஒங்க நம்பருக்கு வர்றதுல பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அல்போன்சா மகளைக் கூப்பிட்டாள்.