விருந்தாளி வந்தால் பட்டறைக்கு

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதல் வேலை தம்பியை ஒளித்து வைப்பதுதான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே வளர்ச்சி மந்தம். நடையும் பேச்சும் தாமதம். கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பான். அவனை நினைத்துக் கூச்சப்படுவதில் எங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் வித்தியாசமே கிடையாது.

சங்ககிரியில் அப்பாவுக்கு லாரி பேட்டரி வேலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை எடுத்து உருக்குவார்.

அப்பாவின் தங்கையான அத்தையைப் பெண் பார்க்க மோகனூரிலிருந்து வந்த அன்று, கார் சத்தம் கேட்டதுமே அம்மா தம்பியின் கையை என் கையில் திணித்தாள்.

“சாமி, இவனப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போ. அவிய போற வரைக்கும் சத்தமே வரக்கூடாது.”

முன்பு வந்த சம்பந்தம் ஒன்று இவனைப் பார்த்த பிறகுதான் தட்டிப்போயிருந்தது. அத்தை கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாள்.

கொட்டகையில் அவன் சிணுங்க ஆரம்பித்தான். உடைந்த தகடுகளை அவன் முன்னால் பரப்பி வைத்தேன். விரலில் ஒட்டிய சாம்பல் நிறத் தூளை நக்கினான், முகம் மலர்ந்தது. ஈயத்தூள் இனிக்குமாம். விட்டது தொல்லை என்று நான் இடுக்கு வழியாகப் பலகாரத் தட்டுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சின்னப் பையன் ஒருத்தன் இருக்கறான்னாங்களே, எங்கீங்க?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டது காதில் விழுந்தது.

“மாமன் ஊட்டுக்குப் போயிருக்கறானுங்க,” என்றாள் அம்மா.

சம்பந்தம் முடிவானது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள், எனக்கு லட்டு கிடைத்தது. அதன்பின் யார் வந்தாலும் தம்பிக்குப் பட்டறைதான். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான், வாந்தி எடுத்தான். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, ஏற்கெனவே மந்தமான பிள்ளையை அது இன்னும் முடக்கிவிடும் என்று சேலத்து டாக்டர் சொன்னதெல்லாம் வெகுநாள் கழித்து. அப்பா அங்கே தலை நிமிரவே இல்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த டாக்டரிடம் போவதற்கு முன்பே அத்தைக்கு வளைகாப்பு வந்தது. தம்பி அப்போது பேசுவதையே நிறுத்தியிருந்தான். ஓடுவதில்லை, அடம்பிடிப்பதில்லை, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். அதனால் தைரியமாக மோகனூருக்கே கூட்டிப்போனோம்.

“பையன் எவ்வளவு அடக்கமா இருக்கறானுங்க!” என்றார்கள்.

எனக்கு ஒரே பெருமை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் என் தம்பி என்று வாழ்க்கையில் முதன்முறையாக எல்லாரிடமும் சொன்னேன்.