ஐந்து பாகம் தண்ணீரில் அமெரிக்க நீர்மூழ்கி

காளிதாஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயக் குடும்பம். 2011 ஆகஸ்டில் தொண்டியில் ஜெராக்ஸ் கடை போட்டு, மனுவும் எழுதித் தருகிறார். இத்தனை ஆண்டுகளில் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் தாக்குதல் நீர்மூழ்கிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது; யூடியூபில் பார்த்துவிட்டார்.

கடைச் சுவரில் அவற்றின் விலை அட்டவணை ஒட்டியிருக்கிறார். அமெரிக்க வர்ஜீனியா ஏறத்தாழ முப்பத்தைந்தாயிரம் கோடி, பிரிட்டனின் அஸ்ட்யூட் அதில் பாதி, நம் கல்வாரி நாலாயிரம் கோடி. எந்த ஆண்டு விலை, ஏவுகணையும் சேர்த்தா, அணுவுலையில் ஓடுவதையும் டீசலில் ஓடுவதையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்று, நகலெடுக்கப் போன நான் கேட்டேன்.

"பெரியவரே, எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லாதீக" என்றார்.

2025 மார்ச் 10, திங்கள் மாலை, நாட்டுப்படகுக்காரர் சகாயவினோத் நண்டு வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்தார். விடிந்து போய்ப் பார்த்தால் வலை இல்லை. அன்றிரவு விசைப்படகுகள் கரையோரம் வந்து இழுவலை இழுத்தது ஊருக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் அறுபத்தொரு நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுக்கு அதுதான் அறுவடை. அதற்குள் வலை வேண்டும். நிவாரண மனு எழுத காளிதாஸிடம் போனார்.

"ஏலே வினோத், சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

"கேக்கலண்ணே."

"அப்ப வர்ஜீனியாதான். சத்தமே வராது. அதுக்குத்தான அம்புட்டு விலை. விசைப்படகுன்னு போட்டா நூத்துல ஒரு மனு. இதைப் போடு, டெல்லி வரைக்கும் போகும்."

சகாயவினோத்துக்குச் சத்தம் கேட்காததற்குக் காரணம், அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததுதான். மனுவோடு அட்டவணையை இணைத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பிவிட்டார் காளிதாஸ்.

வலை கிடந்த இடத்தில் ஆழம் ஐந்து பாகம், அதாவது முப்பதடி. வர்ஜீனியாவின் உடல் விட்டம் முப்பத்துநான்கடி. தரையில் வயிறு தட்ட உட்கார்ந்தாலும் முதுகில் காக்கை வந்து உட்காரும்.

மனு உண்மையிலேயே மேலே போனது. மார்ச் 24 அன்று கடலோரக் காவல் அதிகாரிகள் சகாயவினோத்தை விசாரிக்க வந்தார்கள். எந்த நாட்டுக் கப்பல், எப்போது பார்த்தாய், ஏன் உடனே சொல்லவில்லை என்று துருவினார்கள். விசாரணை முடியும்வரை கடலுக்குப் போகாதே என்றார்கள்.

தடைக்காலம் தொடங்கி நான்காம் நாள், சகாயவினோத்தின் மனைவி லீமாரோஸ் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏண்ணே, வலை போச்சுன்னுதான எழுதச் சொன்னோம்? அதுக்குள்ள அமெரிக்காக்காரன எதுக்கு எறக்குனீங்க?"

"பெரிய எடத்துக்குப் போயிருக்கு தங்கச்சி. பொறுமையா இரு."

"வீட்டு அடுப்புல பூனை படுத்துருக்கு. நான் ஊகமாத்தான் எழுதுனேன்னு ஒத்தை வரி எழுதிக் குடுங்க, போதும்."

ஆழக் கணக்கை நானும் எடுத்துச் சொன்னேன். காளிதாஸ் யோசித்தார். பிறகு இரண்டாவது மனு அனுப்பினார்: ஆழம் குறைவு என்பதால், வந்தது சிறிய கப்பலாகிய கல்வாரியாக இருக்கலாம். அதாவது, வலையை அறுத்தது நம் நாட்டுக் கப்பலே. விசாரணை இரண்டாயிற்று.

ஜூன் 17 அன்று முடித்து வைத்தார்கள். சேதத்துக்குக் காரணம் நிரூபிக்கப்படவில்லை, நிவாரணம் இல்லை. தடை முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. மறுநாளே சகாயவினோத் அவற்றில் ஒன்றில் கூலிக்கு ஏறினார். கரையோரம் இழுக்கும்போது யார் வலை எங்கே கிடக்கிறது என்று அவரைத்தான் கேட்கிறார்களாம்.