நாலரை மணிச் சங்கு

சனிக்கிழமை, காலை 4.45. கேரளத்துச் சித்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மினி பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு எரிச்சல். ஜன்னலோர இருக்கையைச் செல்லோ பிடித்துக்கொண்டிருந்தது. செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா முறை. மடியில் வைக்க முடியாது, படுக்க வைக்கவும் கூடாதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், அவர்களுக்கு இசை சொல்லித்தரும் ராமநாதன் மாஷ், பெண் துணை வேண்டும் என்று தையல் கடையைப் பூட்ட வைத்து இழுத்து வரப்பட்ட நான். எனக்குத் தெரிந்த சங்கீதமெல்லாம் தையல் மிஷின் சத்தம்தான். மகள் தாரணி கிளாரினெட் வாசிப்பதால் வந்த வினை இது.

ஓட்டுநர் குப்புசாமியண்ணன் கொழிஞ்சாம்பாறைக்காரர். கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கக்கா, ஆர்க்கெஸ்ட்ரான்னாங்க, பாடறவங்க ஒருத்தரையுங் காணமுங்களே?"

"பாட்டெல்லாம் இல்லீங்கண்ணா. எல்லாருஞ் சேந்து வாசிப்பாங்க, அவ்வளவுதானுங்க."

"அப்பக் கல்யாணத்துக்கு ஆவாதுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

சித்தூரிலிருந்து கச்சேரி நடக்கும் சின்னக்கானல் ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். சின்னாறு செக்போஸ்டில் காவலர் செல்லோ உறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கம்பியைச் சுண்டி, சிரித்து அனுப்பினார். 9.20க்கு மறையூரில் புட்டும் கடலையும். தட்டு ஐம்பது ரூபாய், டீ பன்னிரண்டு. மூணாறு தாண்டியதும் இரு பக்கமும் தேயிலை. வாந்தி எடுத்தவர்கள் நான்கு பேர், அதில் பெரியவள் நான் ஒருத்தி.

பகல் 12.15. எஸ்டேட் கிளப் வாசலில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் வயலினோடு வரிசையாக நின்றார்கள். ஒரு வருடமாக இரு ஊரிலும் தனித்தனியே ஒரே உருப்படியைப் பழகியிருக்கிறார்கள். இன்றுதான் முதன்முறையாகச் சேர்ந்து வாசிக்கப் போகிறார்கள். அந்த ஆறு பேருக்கும் தலைவி மாரீஸ்வரி, பத்தாம் வகுப்பு. "எங்கம்மா நாலரைக்கு எல நிறுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வருவாகக்கா. நான் வாசிச்சு அவுக கேட்டதே இல்ல" என்றாள். முகமெல்லாம் பல்.

ஒன்றரைக்கு ஒத்திகை. இரண்டு வரி கூடத் தாண்டவில்லை, எனக்கே பல் கூசியது. மாஷ் கையை உயர்த்தி நிறுத்தினார். சுருதி பார்க்கும் கருவியை எடுத்து ஒவ்வொருவரிடமும் காட்டினார். நம் பிள்ளைகள் சரி. அந்த ஆறு பேரும் ஒரே அளவாகக் கொஞ்சம் தாழ்ந்திருந்தார்கள்.

"யாராக்கும் உங்களுக்குச் சுதி சேர்த்தது?" மாஷ் கல்பாத்திக்காரர், கோபத்திலும் குரல் உயராது.

"நாந்தான் சார். எங்க மிஷினு மழைல கெட்டுப்போச்சு. வாரவாரம் வந்து சொல்லித்தார சார்தான், ஃபேக்டரி சங்கும் 'ஏ' சுரமும் அண்ணந்தம்பின்னு வெளாட்டாச் சொன்னாரு. தெனம் சாயங்காலம் நாலரைக்குச் சங்கு ஊதும். அத வச்சே கம்பியச் சேத்துக்கிட்டோம்."

'ஏ' என்பது எல்லோரும் சுருதி சேர்க்கும் சுரமாம். சங்கு அதற்கு அண்ணன் தம்பிதான், ஆனால் ஒட்டிப் பிறந்தவர்கள் இல்லை. சரி, ஏற்றிவிட்டால் போயிற்று என்று மாஷ் கம்பிகளை முறுக்கச் சொன்னார். மலை ஈரத்தில் துருவேறிய கம்பி, 'டொய்ங்' என்று ஒன்று அறுந்தது. மாற்றுக் கம்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் போட்டாயிற்று. இனி முறுக்க யாருக்கும் தைரியமில்லை.

"ஒண்ணு பண்ணலாம். நீங்க ஆறு பேரும் முதல்ல தனியா வாசிச்சுடுங்கோ. அப்புறம் இவா வாசிக்கட்டும்."

மாரீஸ்வரி வயலினை இறக்கிப் பிடித்தாள். "நாங்க தனியா வாசிக்கத்தான் ஒரு வருசமா வாசிக்கோமே சார். அதுக்கு நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

அப்போது தாரணி எழுந்து தன் கிளாரினெட்டின் மேல் துண்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்தாள். குழல் நீண்டால் சுருதி இறங்குமாம், அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நாங்க எறங்கிக்கறமுங்க மாஷ்."

உலோகப் புல்லாங்குழல்களும் நீண்டன. வயலின்கள் தளர்ந்தன. பேட்டரியில் ஓடும் கீபோர்டில் ஏதோ பொத்தானை அழுத்தினார்கள். மாரீஸ்வரி ஒரு சுரத்தை இழுத்துக் காட்ட, இருபத்திரண்டு பேரும் அவளிடம் வந்து சேர்ந்தார்கள். வாசலில் நின்ற குப்புசாமியண்ணன், "இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு எறங்கறாங்களாமா!" என்றார். மாஷே சிரித்துவிட்டார். மேடையில் கருவி வேண்டாம், சங்கையே சுருதியாக வைத்துத் தொடங்கலாம் என்று முடிவானது.

மாலை 4.30. கிளப் முன்னாலிருந்த திடலில் வெயில் இருந்தும் குளிர் நடுக்கியது. குளிரில் எல்லாக் கம்பிகளின் சுருதியும் நகர்ந்துவிட்டது, மாரீஸ்வரியுடையதும்தான். சங்குக்காகக் காத்திருந்தோம். சங்கு ஊதவில்லை. கரண்ட் போய்விட்டதாம், ஜெனரேட்டர் போட ஆள் ஓடியிருக்கிறது. கையில் வாட்ச் கட்டியவர்கள் மணி பார்த்து முன்னால் வர, தலையில் துணி கட்டிய, இலை பறிக்கும் பெண்கள் பின்னால் வந்து அமர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி மாரீஸ்வரியைப் பார்த்துக் கையசைத்தாள். அம்மா.

மாஷ் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. "சுதி குடும்மா" என்றார்.

மாரீஸ்வரி கண்ணை மூடினாள். முறுக்காணியை ஒருமுறை திருப்பினாள், இன்னொரு முறை கொஞ்சம். வில்லைப் போட்டாள். எல்லோரும் அந்தச் சுரத்தில் சேர்ந்துகொண்டார்கள். மாஷ் கையை அசைத்தார், உருப்படி தொடங்கியது. இம்முறை பல் கூசவில்லை. உடம்பு சிலிர்த்தது.

முடிக்கும் இடம். இருபத்தெட்டுப் பேரும் ஒரே சுரத்தில் நின்று நீட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஃபேக்டரிச் சங்கு முனகி, ஏறி, நின்று ஊதியது. அதே சுரம்! மயிரிழை பிசகவில்லை. மாஷ் கையை இறக்காமல் சங்கு ஓயும் வரை அவர்களை நீட்ட வைத்தார். வருடக்கணக்காக அந்தச் சங்கு கேட்டதும் இலை நிறுக்க ஓடிய பெண்கள், அன்று அதற்குக் கைதட்டினார்கள். மாரீஸ்வரியின் அம்மா தட்டவில்லை. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெட்கப்படாமல் அழுதேன்.

ஞாயிறு காலை 7.10, புறப்பாடு. ஜன்னலருகே மாரீஸ்வரி ஓடி வந்தாள்.

"அக்கா, அடுத்த தடவ நாங்கதான அங்க வாரோம். உங்க ஊர்ல எது ஊதும்? சொல்லுங்க, இப்பவே அதுக்குச் சேத்துப் பழகிக்கிடுதோம்."

தாரணியும் நானும் நூற்றெழுபது கிலோமீட்டரும் யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் பஸ் ஹாரன் ஆளுக்கொரு சுருதி. கோயில் வெடிக்குச் சுருதியே இல்லை. எத்தனையோ வருடமாகக் குடியிருக்கும் ஊரின் சத்தம் எதுவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு அலைகிறோம். அரிசி மில்லில் பெல்ட் ஓடும் சத்தம் கொஞ்சம் தோதாக இருக்கிறது என்கிறாள் தாரணி. அதன் வாசலில் கிளாரினெட்டோடு நின்று, மேல் துண்டை இழுத்தும் தள்ளியும் பார்க்கிறாள். மில்காரர் என்ன ஏது என்று கேட்டார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.