ஓடாத வீடியோக்களின் டாக்டரம்மா

“கீழ விழுந்துதா? தண்ணி பட்டுதா? வேற யாராவது கை வெச்சாங்களா?” என்று கேட்டபடியே மெமரி கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் டாக்டரம்மா. கொண்டுவந்த கல்லூரிப் பெண், “ஒண்ணுமே பண்ணலைக்கா, திடீர்னு ஓட மாட்டேங்குது” என்கிறாள்.

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. யாருமே ஒண்ணும் பண்ணாம எனக்கு எப்படி இத்தனை கேஸ் வருது?”

அவர் மருத்துவம் படித்தவரல்ல. கம்ப்யூட்டரில் ஓடாத வீடியோக்களை ஓட வைப்பவர். கணவரின் தையல் கடைக்கு மேலே இருக்கும் அறைதான் ஆஸ்பத்திரி. கீழே தையல் இயந்திரம் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். அதனால் தண்ணீர் டம்ளரைத் தரையில்தான் வைப்பார். மூக்கில் ஒரு கண்ணாடி, கொண்டையில் ஒரு கண்ணாடி. இருந்தும் “என் கண்ணாடியப் பாத்தீங்களா?” என்று வந்தவர்களைக் கேட்பார்.

வருகிற வீடியோக்களில் பாதிக்கு நோயே கிடையாது. கம்ப்யூட்டரில் உள்ள பிளேயருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்காது. வேறொரு பிளேயரில் போட்டால் ஓடிவிடும். “புள்ள நல்லாத்தான் இருக்கு. வாத்தியாரை மாத்துங்க” என்று அனுப்பிவிடுவார். பிழைக்காது என்றால் அதையும் மூடி மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எதுவானாலும் முதலில் ஒரு நகல் எடுத்து அதில்தான் வேலை. “ஒரிஜினலைத் தொடறதும் தூங்கற குழந்தையைக் கிள்றதும் ஒண்ணு.”

கணவருக்கு ஒரு குறை உண்டு. “ஊரார் கல்யாணமெல்லாம் ஓடுது, நம்ம கல்யாண வீடியோ மட்டும் அப்படியே கெடக்கு.”

“அதுல நீங்க மொறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. ஓடாம இருக்கறதே மரியாதை.”

நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் வேன் டிரைவர் ஒருவர் படியேறி வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. நாற்சந்தி ஒன்றில் அவருடைய வேனும் ஒரு பைக்கும் மோதிக்கொண்டன. பைக்கில் வந்த பையன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சிவப்பு விளக்கைத் தாண்டியது வேன்தான் என்று சொல்லி, கம்பெனி இவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டது. வேனின் முன்கண்ணாடியில் மாட்டியிருந்த கேமரா எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீடியோ ஓடவில்லை.

“உங்களுக்கு என்ன ஞாபகம்ணா? சிக்னல் என்ன?”

“ஞாபகமே வரலைம்மா. பச்சைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். கண்ணை மூடினா சிவப்பாத் தெரியுது.”

டாக்டரம்மா கார்டை வாங்கிக்கொண்டார். “அதே கேமராவுல எடுத்தது, நல்லா ஓடறது ஒண்ணு இருந்தா குடுங்க” என்றார். பிறகு எனக்கும் சேர்த்து விளக்கினார். வீடியோவுக்குள் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை, எடுத்து முடித்த பிறகுதான் கேமரா எழுதுமாம். மோதிய வேகத்தில் மின்சாரம் அறுந்ததால் எழுத நேரமில்லை. படமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. வெளியே வர வழி தெரியவில்லை. நல்ல வீடியோவை மாதிரியாக வைத்து அந்தக் குறிப்பை இவர் எழுதித் தர வேண்டும்.

முதலில் சத்தம் மட்டும் வந்தது. திரை முழுக்கச் சாம்பல் திட்டுகள்; உள்ளே ஒருவர் கரகரத்த குரலில் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சுருதி விலகறது வீடியோவோட கோளாறு இல்லைண்ணா. அதை என்னால சரி பண்ண முடியாது.”

அந்த நிலைமையிலும் மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா ஏதேதோ எண்களை மாற்றினார், உதட்டைக் கடித்தார், மறுபடி ஓடவிட்டார். சாலை வந்தது. நாற்சந்தி வந்தது. டிரைவர் மவுஸைத் தானே பிடித்துக்கொண்டார். விளக்கு பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை. ஓரத்தில் ஒரு ஹெல்மெட் முளைத்ததும் டாக்டரம்மா எட்டிக் கீபோர்டில் தட்டிப் படத்தை நிறுத்தினார்.

“பச்சைதான். பாத்துட்டீங்க இல்ல? கம்பெனிக்கு ஒண்ணு, போலீசுக்கு ஒண்ணு, காப்பி போட்டுத் தரேன்.”

டிரைவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் பிரேக்கு போட்டேனா? அந்தப் பையன் என்னைப் பாத்திருப்பானா?” என்றார். விரல் மவுஸை அழுத்தப் போனது.

டாக்டரம்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். கீழிருந்து கணவர் கூப்பிட்டார். மேஜையில் போன் அடித்தது. டாக்டரம்மா கையை எடுக்கவில்லை.