ராஜினாமா எழுதப் போன நாள்

துறைமுகத்தை ஒட்டி, ராயபுரத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பென்ஷன் கணக்குப் போடும் பிரிவு. கலியாணத்துக்கு முன் தற்காலிகமாகச் சேர்ந்தவன், இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் அங்கேயே இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூள் காகிதத்தில் வந்து படியும். மூடினால் வேர்த்துக் கொட்டும். சீமைக்குக் கப்பலேறும் துரைமார்கள் லீவில் தங்கள் நாட்டில் கழித்த காலத்தைக்கூட சர்வீஸில் சேர்த்துக் கொடுப்போம்.

என் மனைவியின் தம்பி தூத்துக்குடியிலிருந்து வந்து, திருவொற்றியூர் சாலையில் கயிறும் கப்பல் சாமான்களும் விற்கும் கடை வைத்திருந்தான். கூட்டாளியாக வரச் சொல்லி என்னை விடாமல் நச்சரித்தான்.

"அந்தக் கரியில கெடந்து என்னத்தக் கண்டிய அத்தான்? கடைக்கு வந்துருங்க."

ஒரு தீபாவளி கழிந்ததும் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ராஜினாமா எழுதத்தான் ஆபீசுக்குப் போனேன். பேனாவை எடுப்பதற்குள் ஒருவர் வந்து நின்றார். சுங்கப் படகில் துடுப்பு வலிப்பவர். வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"தோளத் தூக்க முடியல சார். வேலய வுட்டுட்டுப் போறேன். பென்சன் இன்னா வரும், சொல்லு."

"நீங்களா விட்டுட்டுப் போனா ஒண்ணும் வராது. உங்களால முடியாதுன்னு டாக்டர் எழுதித் தரணும்."

"அவரு ஒடம்பு நல்லாத்தான் கீதுன்னு எழுதிட்டாரே!"

"அப்ப வயசாகிற வரைக்கும் இருந்துதான் ஆகணும். இல்லேன்னா இத்தனை வருஷ சர்வீஸும் போயிடும்."

எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்தான். அன்று அது என் காதிலும் விழுந்தது. என் சர்வீஸ், இன்னும் மிச்சமிருக்கும் வருஷங்கள் என்று மனசு தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் சொன்னார்:

"போனது போவட்டும் சார். அதுக்கோசரம் மிச்சத்தையும் இங்கியே குடுக்கணுமா? எம் புள்ள காசிமேட்டுல வல போடறான். நான் கரையில குந்திகினு மீன் பிரிச்சுக் குடுப்பேன்."

இடுப்புப் பட்டையிலிருந்த, சுங்க முத்திரை போட்ட பித்தளை வில்லையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். எழுந்து அவர் பின்னாலேயே போய்விடலாம் போலிருந்தது. தலைமைக் குமாஸ்தா, முடித்த கணக்கைக் கேட்டார். பேனாவை மையில் தோய்த்தேன்.

அன்று மாலை மைத்துனனிடம் வரவில்லை என்று சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பயமா இருக்கோ, அத்தான்?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க விடமாட்டியன்னு எனக்கு நேத்தே தெரியும்" என்றாள்.

அவன் வேறொருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டான். கடை பெரிதாயிற்று. வழியில் நான் எட்டிப் பார்த்தால் பக்கத்துக் காபி கிளப்பிலிருந்து காபி வரவழைப்பான். பாதி குடிப்பதற்குள், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன்.