வாய் மாறிய பல்செட்டு

அண்ணனுக்கு வாயில் விசில், தங்கைக்குக் கையில் விசில் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். தங்கை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணன் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவருடைய முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. 'கடைசித் தரம்' என்று அவர் கத்தினால் 'சி' மட்டும் தனியாகப் பிரிந்து சந்தையின் மறுகோடி வரைக்கும் சீழ்க்கையாகப் போகும். வயதாகிப் பற்கள் விழுந்தபோது பல் டாக்டர் அழகாக, நெருக்கமாக ஒரு செட்டு கட்டிக் கொடுத்தார். மனுஷன் மறுநாளே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

"வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு டாக்டர். என் சந்தை எனக்குக் குடுங்க."

டாக்டர் காய்கறிச் சந்தையை நினைத்துக் குழம்பினார். விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சந்து வைத்தே கட்டிக் கொடுத்தார்.

தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்தவர் அவர்தான். பொம்பளைப் பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கிழிப்பதா என்று சொந்தக்காரர்கள் குதித்தபோது, அத்தனை பேரையும் அந்த விசில் வாயாலேயே விரட்டினார். அதனால் அவருக்குக் கால்கள் விழுந்ததும் கடைசிவரை தானே வைத்துப் பார்ப்பது என்றுதான் கண்டக்டரம்மா இருந்தாள். பாழாய்ப்போன குளியலறை வழுக்கி அவளுக்கே இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. மனசே இல்லாமல் அண்ணனை முதியோர் இல்லத்தில் விட்டாள்.

படுக்கையில் கிடந்தபடியே தினமும் போன் செய்தாள். முதலில் நல்லா இருக்கார் என்றார்கள். பிறகு பேச்சு குறைந்துவிட்டது என்றார்கள், சாப்பிட அடம் பிடிக்கிறார் என்றார்கள். கடைசியில் மேனேஜரே பேசினார்.

"ஆயாவைக் கடிச்சுட்டாரும்மா. நினைவு தப்பிடுச்சு. நாளைக்கு மாடிக்கு மாத்திடறோம்."

மாடி என்றால் சித்தம் கலங்கியவர்களைப் பூட்டி வைக்கும் இடம். அங்கே போன யாரும் கீழே இறங்கி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.  அப்போதுதான் எழுந்து நடக்கப் பழகியிருந்தவள், மறுநாள் விடிந்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கூடம் முழுக்கப் பினாயில் வாடை, அதற்கு அடியில் மூத்திர வாடை. டி.வி. அலறிக்கொண்டிருந்தது.

"சத்தத்தைக் குறைங்க சார்!"

அதே விசில்! அவளுக்கு உயிர் திரும்பியது. அண்ணன் பேசுகிறார், இந்தப் பாவிகள் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று மலர்ந்த முகத்தோடு திரும்பினாள். அங்கே யாரோ ஒரு வழுக்கைத் தலைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். அது அவளுடைய அண்ணனின் சிரிப்பு. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

அண்ணன் கடைசிக் கட்டிலில் கிடந்தார். கன்னம் ஒட்டி, உதடு வீங்கி, இரண்டு கையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. அவிழ்த்துவிட்டு வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே எவருடையதோ பெரிய பல்செட்டு. அதற்குக் கீழே ஈறு முழுக்கக் கிழிந்து சீழ் கோத்திருந்தது. பஸ்ஸில் விபத்தும் ரத்தமும் பார்த்தவள்தான். ஆனாலும் இப்படி ஒரு வாயை அவள் பார்த்ததில்லை.

"இது யாரோட பல்லு?" என்று ஆயாவைக் கேட்டாள்.

"தெரியலம்மா. சாயங்காலம் எல்லார் பல்லையும் ஒரே வாளியில போட்டுக் கழுவுவோம். காலைல யாருக்கு எது பொருந்துதோ அதை மாட்டி விடுவோம்."

"பொருந்தலன்னா?"

"கொஞ்சம் அழுத்துனா பொருந்திடும்."

பாத்திரம் கழுவுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள் ஆயா.  இந்தக் கொடுமைக்கு அண்ணன் கடிக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்! ஓடிவந்த மேனேஜர், வயசானவங்களுக்கு வாயில் புண் வருவது சகஜம் என்று பூசி மெழுகினார்.

வழுக்கைத் தலைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவர், தானாகவே பல்செட்டைக் கழற்றி நீட்டினார். "உங்க அண்ணனுதாம்மா? எனக்கு லூசா இருக்கு, விசில் வேற அடிக்குதுன்னு நானும் சொல்லிட்டேதான் இருந்தேன். யாரு காதுல வாங்குறா?"

அவள் அண்ணன் வாயிலிருந்ததைப் பதமாக எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினாள். அவருடைய சொந்தப் பல்லைக் கழுவிக் கையில் வைத்தாள். அந்தப் புண்ணில் அதைப் போட முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். பிறகு பொக்கை வாயால் மெதுவாகப் பேசினார்.

"மாடில இருக்கறவங்க வாயையும் பாரு."

 படியை நோக்கி நடந்தாள். மேனேஜர் குறுக்கே வந்தார்.

"அங்க விசிட்டர் போகக் கூடாதும்மா. எல்லாம் நினைவு இல்லாதவங்க."

"வழி விடுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். நெரிசல் பஸ்ஸில் கூட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்திய குரல் அது. மேனேஜர் தன்னை அறியாமல் ஒதுங்கினார். ஆயா தலையைக் குனிந்துகொண்டே சாவியைக் கொடுத்தாள்.

மேலே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கட்டில் கட்டிலாக ஆட்கள் கிடந்தும் ஒரு முனகல்கூட இல்லை. முதல் கட்டிலில் ஒரு கிழவி, கைகள் கட்டப்பட்டு, உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் வாயைத் திறங்க."

கிழவி மிரண்டுபோய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாட்ட வரலம்மா. எடுக்க வந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து வாய் திறந்தது. கண்டக்டரம்மா பல்செட்டை வெளியே எடுத்துப் போட்டு, கைக்கட்டையும் அவிழ்த்தாள். கிழவி நீளமாக மூச்சு விட்டாள். பிறகு ஒரு எண்ணைச் சொல்லத் தொடங்கினாள். முதலில் எதுவும் புரியவில்லை. இரண்டாம் தடவைதான் அது போன் நம்பர் என்று விளங்கியது.

"எம் பையன் நம்பர். போட்டுக் குடும்மா."

போட்டாள். மறுமுனையில் ஆள் எடுத்ததும், "உங்க அம்மா பேசணுங்கறாங்க" என்றாள்.

"யாருங்க நீங்க? எங்க அம்மாவுக்குப் பேச்சு நின்னு போயி ஒரு வருஷம் ஆச்சே!"

கிழவி போனைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நிக்கலடா," என்றாள். "வாயை அடைச்சு வச்சிருந்தாங்க."