ஸீஸ் என்று எழுதிய கை

இங்கிலீஷில் ‘ஸீஸ்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு நாலு அர்த்தம் ஒப்பித்து முழு மார்க்கு வாங்கியவன் நான். எட்டிச் சட்டெனப் பிடிப்பதும் ஸீஸ், வந்த வாய்ப்பை விடாமல் பற்றுவதும் ஸீஸ், பயம் ஆளைக் கவ்வுவதும் ஸீஸ், சர்க்கார் வந்து பறிமுதல் செய்வதும் ஸீஸ். ரயில்வே பட்டறையில் எண்ணெய் காய்ந்து சக்கரம் இறுகிப்போனாலும் இதையேதான் சொல்வார்கள்.

கோலாலம்பூரில் தெரு மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும் ஆபீசில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா உத்தியோகம். பட்டிக்காரர் மாட்டின் அடையாளத்தைச் சொல்லச் சொல்ல, அச்சடித்த பாரத்தில் நிரப்பி, கடைசியில் ‘ஸீஸ்டு’ என்று எழுத வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், துரையே மெச்சியிருக்கிறார். மாட்டுக்காரர்கள் வாசலில் நின்று கும்பிடுவார்கள். நான் தலை நிமிர்ந்ததில்லை.

ஒரு மத்தியானம் பட்டிக்காரர் சொன்னார்: “செவலைப் பசு ஒன்னு. வலக்கொம்பு மடங்குனது. பிரிக்பீல்ட்ஸ், ரயில் வேலியோரம் கட்டியிருந்துச்சு.”

எழுதி, மையை ஒற்றி எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என் மனைவி வளர்க்கும் பசு. கன்று போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. கன்று வீட்டில் வெறும் வயிற்றோடு நிற்கும்.

பெரிய கிராணியிடம் ஓடினேன். பாரம் அதற்குள் துரை மேசைக்குப் போயிருந்தது. துரை கிளப்புக்குப் போயிருந்தார்.

“ஸீஸ் பண்ணியாச்சு லா. காலையில துரை வந்து கையெழுத்துப் போட்டாத்தான் அவுக்க முடியும்,” என்றார் பெரிய கிராணி, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் இதே பதிலை, இதே குரலில், நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்!

பட்டியில் செவலை மடி கனத்து, காலை அகட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. பட்டிக்காரர் செம்போடு உட்கார்ந்து உதை வாங்கிக்கொண்டிருந்தார். அடைத்த மாட்டின் பால் பட்டி ஆட்களுக்கு என்பது அங்கே வழக்கம். நானும் அந்தப் பாலைக் குடித்தவன்தான்.

“உங்க வீட்டு மாடாமே, கிராணியாரே! சொட்டுக்கூட இறங்கலை. கன்னுக்குட்டியக் கொண்டாந்து காட்டுங்க. பால் சுரந்ததும் கறந்துட்டு, மிச்சத்தைக் கன்னு குடிக்க விட்டுர்றேன்,” என்றார் சிரித்துக்கொண்டே. வெட்கங்கெட்டவன்!

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். கன்றை மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தவள், செம்பைக் காலால் தள்ளிவிட்டு, கன்றை மடிக்கு நேரே இறக்கிவிட்டாள். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

“கன்னு உள்ள வந்தா அதையும் எழுதணும்மா,” என்றார் பட்டிக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். “எழுதுங்க. கன்னையும் எழுதுங்க, என்னையும் எழுதுங்க. உங்க கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்குமே!”

மறுநாள் துரை கையெழுத்துப் போட்டார்; செவலை வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பால் வற்றும்வரை, என் வீட்டில் எனக்குக் கிடைத்தது பால் ஊற்றாத கோப்பிதான்.